3 லட்சம் அட்வான்ஸ், 14 பக்க ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் ஒரு பாடகர் பார்க்க வேண்டியவை

கேள்வி இது. சென்னையில் இருக்கும் 24 வயதுப் பாடகர் ஒருவர் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, பாடி யூடியூபில் போட்டுவருகிறார். இசை லேபிள் (பாட்டுகளை வெளியிடும் நிறுவனம்) ஒன்று அவருக்கு 14 பக்க ஆங்கில ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. 3 லட்சம் ரூபாய் அட்வான்ஸ், 5 ஆண்டு, ராயல்டியில் 20 சதவீதம். "எல்லோருக்கும் கொடுக்கிற ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்" என்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் அந்த வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். உங்களை நம்பி 5 ஆண்டுக்குப் பணம் போட நினைக்கும் நிறுவனம் 10 நாள் காத்திருக்கும். காத்திருக்க மாட்டோம் என்றால், அவர்களைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அதுதான். "வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு 10 நாளில் திருத்தங்களோடு அனுப்புகிறேன், திருத்தக்கூடிய வேர்ட் கோப்பு வேண்டும்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். போனில் சொல்லி விடாதீர்கள். ஸ்டாண்டர்ட் என்றால் அவர்களுடைய வழக்கறிஞர் அவர்களுக்காக எழுதிய முதல் வரைவு என்றுதான் பொருள். பேசிக் குறைக்க இடம் வைத்தே எழுதியிருப்பார்கள்.

அட்வான்ஸ் தொகையைக் கடைசியாகப் பேசுங்கள். கொடுத்த உரிமை எப்போது திரும்பி வரும், ஒத்துவராவிட்டால் எந்த வழியாக வெளியே வரலாம் என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள். அட்வான்ஸ் ஒரு தடவை வந்து செலவாகிவிடும். ஷரத்துகள் வருடக்கணக்கில் கூடவே வரும்.

எதைக் கொடுக்கிறீர்கள்?

ஒரு பாட்டுக்குள் நான்கு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, மாஸ்டர் என்று சொல்லப்படும் ஒலிப்பதிவு, தான் பாடியதன் மீது பாடியவருக்கு உள்ள நிகழ்த்துரிமை. சினிமாப் பாட்டில் இவை வேறு வேறு ஆட்களிடமிருந்து தயாரிப்பாளருக்குப் போய்ச் சேரும். உங்களிடம் நான்கும் ஒரே கையில் இருக்கின்றன. பாட்டை வெளியிட்டுச் சம்பாதிக்க லேபிளுக்குத் தேவை ஒலிப்பதிவும், அதிலுள்ள வரிகளையும் மெட்டையும் பயன்படுத்துவதற்கான அனுமதியும் மட்டுமே. வரைவிலோ "ஒப்பந்தக் காலத்தில் கலைஞர் உருவாக்கும் அனைத்தும்" என்று இருக்கும். ராத்திரி தூக்கம் கலைந்து போனில் முணுமுணுத்துப் பதிந்துவைத்த மெட்டும் அந்த "அனைத்தும்" என்ற சொல்லுக்குள் வந்துவிடும். அதை அடித்துவிட்டு, எந்தெந்தப் பாட்டு என்று பெயர் குறித்த பட்டியலை இணைப்பாக வைக்கச் சொல்லுங்கள். புதிய பாட்டு சேர்ந்தால் ஒரு பக்க இணைப்பில் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே வெளியிட்டதையும் எழுதிவைத்திருப்பதையும் "இதில் சேராது" என்று தேதியோடு இன்னொரு பட்டியலாகப் போடுங்கள்.

அடுத்து, கொடுப்பது கிரயமா குத்தகையா என்று பாருங்கள். நிலத்தைக் கிரயம் எழுதிக்கொடுப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் பாட்டுக்கும் உண்டு. உரிமையையே மாற்றிக் கொடுத்தால் கிரயம். இத்தனை ஆண்டுக்குப் பயன்படுத்திக்கொள் என்று உரிமம் கொடுத்தால் குத்தகை. முடிந்தவரை குத்தகையே கேளுங்கள். ஒரு பாட்டுக்கு 5 முதல் 7 ஆண்டு என்பது கேட்கக்கூடிய அளவு. வரைவில் "என்றென்றைக்கும், பிரபஞ்சம் முழுவதும்" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள பதிப்புரிமை உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் நீடிக்கிறது. நிகழ்த்துரிமை 50 ஆண்டு. உங்கள் பிள்ளைகளுக்குப் போக வேண்டியதையும் சேர்த்துத்தான் அந்த ஒரு வரி வாங்கிக்கொள்கிறது.

பதிப்புரிமைச் சட்டம் 1957 இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிறையவே நிற்கிறது. பிரிவு 19-இன்படி, உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று சொல்லியிருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். இதே விதிகள் பிரிவு 39ஏ வழியாக நிகழ்த்துரிமைக்கும் பொருந்தும்.

இந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிடத்தான் பல வரைவுகளில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கும்: "பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று கலைஞர் ஒப்புக்கொள்கிறார்." பெரும்பாலும் எட்டாவது ஒன்பதாவது பக்கத்தில், நீண்ட பத்தி ஒன்றின் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும். 19(4) என்பது அந்த ஓராண்டுக் காலாவதி விதி. வேறு விதமாக எழுதிக்கொண்டால் அது விலகிவிடும் என்று சட்டமே சொல்வதால் இந்த வாக்கியம் செல்லும். உங்கள் பாட்டை வாங்கி வெளியிடாமல் அலமாரியில் வைத்துப் பூட்டும் சாவி இதுதான். கோப்பில் 19 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அடித்துவிட்டு, "பாட்டை ஒப்படைத்த 6 மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் எல்லா உரிமையும் கலைஞருக்குத் திரும்பும், அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியதில்லை" என்று எழுதுங்கள்.

"கலைஞர் நிறுவனத்தின் பணியாளராக இதைச் செய்கிறார்" என்ற சொற்றொடரையும் விடாதீர்கள். மாதச் சம்பளம், பிஎஃப் எதுவும் கிடையாது, ஆனால் பணியாளர். வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான் என்கிறது பிரிவு 17. அதற்காகத்தான் அந்தச் சொல்.

2012-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டின் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதற்கு மட்டும் இந்தச் சமபங்கு கிடையாது. ஆகவே "கலைஞர் எல்லா ராயல்டியையும் விட்டுக்கொடுக்கிறார்" என்ற ஷரத்து வரிகள், மெட்டு விஷயத்தில் செல்லாது. செல்லாது என்பதற்காக அப்படியே விட்டு வைக்கவும் வேண்டாம், பிறகு அதைச் சொல்லியே உங்களை அலையவிடுவார்கள். கையெழுத்துக்கு முன்பே பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் எழுத்தாளராகவும் இசையமைப்பாளராகவும் உறுப்பினராகிவிடுங்கள். சங்கத்துக்கு ஏற்கெனவே கொடுத்த உரிமைக்கு முரணாக வேறொருவருக்கு எழுதிக்கொடுப்பது செல்லாது என்று பிரிவு 19(8) சொல்வதால், அந்த உறுப்பினர் அட்டை ஒரு கேடயம். பாடகராக உங்களுக்குச் சேர வேண்டியதற்கு இஸாம்ரா என்ற தனிச் சங்கம் இருக்கிறது.

குரலைப் பற்றி ஒரு தனி ஷரத்து இன்றைக்குக் கட்டாயம். ஒப்பந்தம் எழுதும்போது வழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாதவரை, உரிமை போகாது என்று பிரிவு 18 சொல்கிறது. செயற்கை நுண்ணறிவில் குரலை நகலெடுப்பது இப்போது வழக்கத்துக்கு வந்துவிட்டதால், பொதுவான வார்த்தைகளுக்குள்ளேயே அதையும் சுருட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். தன் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக அரிஜித் சிங் 2024-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். ஆனால் நீங்களே எழுதிக்கொடுத்த பிறகு எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது? "கலைஞரின் குரல், உருவம், பாடும் பாணி ஆகியவற்றைக் கொண்டு எந்தக் கணினி மாதிரியையும் பயிற்றுவிக்கவோ, செயற்கைக் குரல் உருவாக்கவோ கூடாது. ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாக எழுத்துமூல அனுமதியும் தனிக் கட்டணமும் வேண்டும்" என்று தமிழில் எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள், அவர் ஆங்கிலத்தில் சேர்த்துவிடுவார்.

20 சதவீதம் என்றால் எவ்வளவு?

எதில் 20 சதவீதம் என்று தெரியாதவரை அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்வான்ஸ் 3 லட்சம், வீடியோவுக்கு 9 லட்சம், விளம்பரத்துக்கு 4 லட்சம் என்று நிறுவனம் 16 லட்சம் செலவழிக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். வரைவில் "எல்லாச் செலவும் கலைஞரின் ராயல்டிப் பங்கிலிருந்து கழிக்கப்படும்" என்று இருக்கிறது. உங்கள் 20 சதவீதத்திலிருந்து 16 லட்சம் கழிய வேண்டுமானால் பாட்டு மொத்தம் 80 லட்சம் சம்பாதிக்க வேண்டும். அதுவரை உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. அந்த நேரத்தில் நிறுவனத்தின் கையில், போட்ட 16 லட்சம் போக, 64 லட்சம் இருக்கும். அவர்கள் லாபம் பார்க்கத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருக்கும். உங்கள் பெயரில் மட்டும் "கடன்" ஓடிக்கொண்டிருக்கும்.

இதையே "மொத்த வருவாயில் முதலில் செலவைக் கழித்துவிட்டு, மீதியைப் பங்கிடுவது" என்று மாற்றினால், அதே 80 லட்சத்தில் 16 போக மீதி 64. அதில் உங்கள் 20 சதவீதம் 12 லட்சத்து 80 ஆயிரம். சதவீதம் மாறவில்லை. ஒரு வாக்கியம்தான் இடம் மாறியது. 20-ஐ 25 ஆக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன் இந்த வாக்கியத்துக்காகச் சண்டை போடுங்கள்.

கூடவே மூன்று பூட்டு போடுங்கள். செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போகும் எந்தச் செலவுக்கும் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஒரு பாட்டின் நஷ்டத்தை இன்னொரு பாட்டின் வருமானத்தில் கழிக்கக் கூடாது. "நிகர வருவாய்" என்ற சொல் வந்தால், அதிலிருந்து என்னென்ன கழியும் என்று பட்டியல் போட வேண்டும். நிறுவனத்தின் சகோதர நிறுவனமே விநியோகக் கமிஷன் என்று முன்கூட்டியே ஒரு பங்கு எடுத்துக்கொள்வது இந்தச் சொல்லின் நிழலில்தான் நடக்கிறது.

கணக்கு அறிக்கை 3 மாதத்துக்கு ஒரு முறை, தளவாரியாகவும் பாட்டுவாரியாகவும் வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் ஆடிட்டர் அவர்களுடைய கணக்கைப் பார்க்கலாம், 5 சதவீதத்துக்கு மேல் குறைவு தெரிந்தால் ஆடிட்டர் செலவு அவர்களுடையது என்று சேருங்கள். டிடிஎஸ் பிடித்தால் சான்றிதழ் வாங்குங்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதும் நடக்கிறது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகச் சிறு நிறுவனமாகப் பதிந்துகொண்டால், 45 நாளுக்கு மேல் இழுக்கும் பாக்கிக்கு வட்டியோடு முறையிட ஒரு வழி கிடைக்கும். கையெழுத்துக்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது.

5 ஆண்டு என்பது எப்போது முடியும்?

பெரும்பாலான வரைவுகளில் 5 ஆண்டு என்று நேராக இருக்காது. "முதல் ஓராண்டு, அதன்பின் நிறுவனம் விரும்பினால் நான்கு தடவை நீட்டிக்கலாம்" என்று இருக்கும். நீட்டிக்கும் முடிவு முழுக்க அவர்கள் கையில். நீட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் புதிய அட்வான்ஸ் உண்டா, இத்தனை பாட்டு வெளியிடும் கடமை உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத நீட்டிப்பை ஏற்காதீர்கள். இதைவிட மோசமான வடிவம் ஒன்று உண்டு: "கடைசிப் பாட்டை நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 12 மாதம் வரை." ஏற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டால்? அந்தக் காலம் ஓடவே தொடங்காது. ஒப்படைத்த 15 நாளில் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்றும், எது எப்படியானாலும் ஒப்பந்தம் இந்தத் தேதிக்கு மேல் போகாது என்று நாள், மாதம், ஆண்டு குறித்தும் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழில் தனிப்பாடல் பாடும் ஒருவருக்கு மிகப் பெரிய ஆபத்து, "பிரத்தியேகம்" என்ற சொல். அடுத்த மாதம் ஓர் இசையமைப்பாளர் கூப்பிட்டு ஒரு படத்தில் பாடச் சொல்கிறார். அந்தப் படத்தின் ஆடியோ வேறு லேபிளிடம் இருக்கிறது. பிரத்தியேக ஒப்பந்தத்தில் இருக்கும் நீங்கள் போக முடியாது. சினிமாப் பின்னணி, மேடைக் கச்சேரி, விளம்பரம், பக்திப் பாடல், தொலைக்காட்சி, பாட்டு வகுப்பு எல்லாம் பிரத்தியேகத்துக்கு வெளியே என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "நிறுவனத்திடம் அனுமதி பெற்றுச் செய்யலாம்" என்ற வாசகம் போதாது. ஒவ்வொரு தடவையும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிப்போடும் ஷரத்துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் பிரிவு 27. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தபின் வேறு யாரிடம் போவதானாலும் பழைய நிறுவனத்துக்கே முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்ற ஷரத்து செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் நிலைமை வேறு. உங்களைப் பாட வைக்க நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஆனால் வேறு இடத்தில் பாடாதே என்று தடை போட முடியும். இதனால்தான் எந்தத் தேதியில் முடிகிறது என்பது அவ்வளவு முக்கியம்.

வெளியேறும் வழியை நீங்களே எழுதுங்கள்: இரண்டு தவணை பணம் வராவிட்டால், அறிக்கை வராவிட்டால், சொன்ன நாளில் வெளியிடாவிட்டால், 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம். "கலைஞர் விலகினால் 1 கோடி அபராதம்" என்று இருந்தால், நீதிமன்றம் அந்தத் தொகையை அப்படியே கொடுத்துவிடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74-இன்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அதைத்தான் வாங்க முடியும். இருந்தாலும் அந்த வரியை வைத்து மிரட்டுவார்கள். எடுக்கச் சொல்லுங்கள்.

சேனல், பெயர், பொறுப்பு

யூடியூப் சேனலின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஸ்டுடியோ அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதி இருக்கிறது; அங்கே அவர்களை எடிட்டராகச் சேர்த்தால் போதும். உரிமையாளர் மின்னஞ்சலும், யூடியூப் வருமானம் வந்துசேரும் ஆட்சென்ஸ் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். சேனலை நிறுவனத்தின் கணக்கோடு இணைத்தால், ஒப்பந்தம் முடிந்த 15 நாளில் விடுவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். கச்சேரியில் உங்கள் பாட்டை நீங்களே பாடி உங்கள் சேனலில் போட்டால் ஒரே பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி, அவர்கள் சார்பில் உங்கள் மீதே உரிமை கோரலாம். ஆகவே உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் வைக்கச் சொல்லி அதையும் எழுதுங்கள். மேடைப் பெயர் உங்களுடையது என்று ஒரு வரி இருக்க வேண்டும். இயன்றால் பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் வணிகக் குறியாகப் பதிந்துவிடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய்.

பவர் கேட்டால் கொடுக்க வேண்டாம். "கலைஞர் சார்பில் எந்த ஆவணத்திலும் கையெழுத்திட நிறுவனத்துக்கு அதிகாரம்" என்ற வரி பல வரைவுகளில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் மற்ற எல்லாத் திருத்தமும் வீண்.

பாட்டு முழுக்கச் சொந்தம் என்று நீங்கள் உறுதி கொடுக்கும் ஷரத்தில் உங்கள் பக்கத்துக் குறையையும் பாருங்கள். இணையத்திலிருந்து குறைந்த கட்டணத்தில் எடுத்த பீட்டின் (வேறொருவர் செய்துவைத்த பின்னணி இசையின்) மேல் பாடியிருந்தால், அந்த உரிமம் பெரும்பாலும் பிரத்தியேகமானது கிடையாது. அதே பீட் வேறு பலரிடமும் இருக்கும். லேபிள் அதை வெளியிட்டால் உரிமைச் சண்டை உங்கள் தலையில் விழும். எந்தப் பாட்டில் யார் வாசித்தார், எந்த லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துணுக்கு) எங்கிருந்து வந்தது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். உங்கள் பொறுப்பு, நீங்கள் வாங்கிய தொகைக்கு மேல் போகாது என்று வரம்பு வையுங்கள்.

தகராறு வந்தால் அதை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க நிறுவனத்தின் இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவர், அதுவும் மும்பையில் என்று இருக்கிறதா? முடிவில் அக்கறையுள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் ஏற்கவில்லை. இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் நடுவர், இடம் சென்னை என்று மாற்றுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மும்பைக்கு டிக்கெட் போட வேண்டுமென்றால் 2 லட்சம் பாக்கிக்கு யார் வழக்காடுவார்கள்?

கையெழுத்து நாளில்: நிறுவனத்தின் முழுப் பெயரை நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் சரிபாருங்கள், பணம் வரும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். இணைப்புகள் உட்பட ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பமிட வேண்டும். எதையும் "பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்று வெற்றாக விடக் கூடாது. முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுக்காது. பிறகு அபராதத்தோடு கட்ட வேண்டிவரும். இருவரும் கையெழுத்திட்ட பிரதி அன்றைக்கே உங்கள் கைக்கு வர வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதி எதுவும் இருந்தால் ("தீபாவளிக்கு வீடியோ பண்றோம்") அன்றே மின்னஞ்சலில் எழுதிப் பதில் வாங்குங்கள். ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்துவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் "இதற்கு வெளியே பேசிய எதுவும் செல்லாது" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு ஷரத்து இருக்கும்.

வழக்கறிஞரை அமர்த்தும்போது பதிப்புரிமை ஒப்பந்தம் பார்த்தவரா என்று கேளுங்கள். குடும்ப வழக்கறிஞர் நல்லவராக இருக்கலாம், ஆனால் 19(4) அவர் கண்ணில் படாமல் போகலாம். கட்டணம் கட்ட வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல், மற்றவர்களுக்கு வரம்புக்கு உட்பட்டு, இலவசச் சட்ட உதவி உண்டு.

எல்லாத் திருத்தத்தையும் அவர்கள் ஏற்க மாட்டார்கள். சதவீதத்திலும் அட்வான்ஸிலும் நீங்கள் இறங்கிப் போகலாம். உரிமை திரும்பி வரும் தேதி, சினிமாவில் பாடும் சுதந்திரம், கணக்கைப் பார்க்கும் உரிமை, குரல் நகலுக்குத் தடை ஆகிய நான்கிலும் இறங்காதீர்கள். அந்த நான்கில் ஏதாவது ஒன்றை ஏற்க மாட்டோம் என்றாலும், 5 ஆண்டு ஒப்பந்தத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு பாட்டுக்கு 3 ஆண்டு உரிமம் தருகிறேன் என்று எதிர்வரைவு அனுப்புங்கள். மூன்று நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். அவர்கள் கணக்கு எப்படிக் கொடுக்கிறார்கள், பணம் எந்த நாளில் போடுகிறார்கள் என்பதை அந்த ஒரு பாட்டிலேயே பார்த்துவிடலாம்.